பெயர் இல்லாத குறிப்பு யாருடையது?

ஜெர்மன் சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுத்த வாசகர்!

ஜெர்மனியில் ஒருவர் சர்க்கார் மீது வழக்குப் போட்டார்.

சர்க்கார் அவருடைய நிலத்தை எடுத்துக் கொள்ளவில்லை. வரியை ஏற்றி விடவில்லை. போலீஸ்காரர் யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பின் எதற்காக வழக்கு?

அவர் சர்க்காரின் இணையதளங்கள் சிலவற்றைத் திறந்து படித்தார். அப்படிப் படித்ததை சர்க்காரின் கம்ப்யூட்டர்கள் குறித்து வைத்துக் கொண்டன. அந்தக் குறிப்பை வைத்துக் கொள்ளக் கூடாது என்பதுதான் வழக்கு!

இதற்குப் போய் ஒரு வழக்கா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த வழக்கு ஒரு கோர்ட்டில் முடியவில்லை. நான்கு கோர்ட்டுகளின் படி ஏறியது. கீழ்க் கோர்ட்டின் தீர்ப்புக்கும் ஜெர்மனியின் மேல் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் நடுவே ஒன்பது வருஷம் ஓடி விட்டது. ஐரோப்பாவில் கோடிக் கணக்கான மக்களுக்குப் பொருந்தும் ஒரு தீர்ப்பு அதிலிருந்து பிறந்தது.

வழக்குப் போட்டவர் பெயர் பாட்ரிக் பிரையர். சட்டம் படித்தவர். ஜெர்மனியில் "கடற்கொள்ளைக்காரர் கட்சி" என்று ஒரு கட்சி இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயந்து விடாதீர்கள்! கம்ப்யூட்டர் உலகில் மக்களுக்கு உள்ள உரிமைகளைப் பேசும் கட்சி அது. பிரையர் அந்தக் கட்சிக்காரர். 2012 முதல் 2017 வரை ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீன் என்ற மாநிலத்தின் சட்டசபையில் இருந்தார். 2019 முதல் 2024 வரை ஐரோப்பிய பாராளுமன்றத்தில் இருந்தார்.

சர்க்கார் எழுதி வைத்த குறிப்பில் பிரையரின் பெயர் கிடையாது. ஊர் கிடையாது. ஒரே ஒரு எண்தான் உண்டு.

பெயர் இல்லாத எண், ஒரு மனிதரைப் பற்றிய தகவல் ஆகுமா? வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சர்வர் எழுதும் நோட்டு

இணையதளம் என்பது எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் பக்கங்கள். கேட்டவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். சர்வர் ஒரு நோட்டும் வைத்திருக்கிறது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி எழுதும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுவே எழுதிக் கொள்ளும். கம்ப்யூட்டர்காரர்கள் இந்த நோட்டை "லாக்" என்கிறார்கள்.

ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

203.0.113.45 - மார்ச் 9, காலை 10.15 - நீரிழிவு நோய் பக்கம் - 200

கடைசியில் உள்ள 200 என்பது, "கேட்ட பக்கத்தைக் கொடுத்து விட்டேன்" என்பதற்கு அடையாளம். பக்கம் இல்லை என்றால் 404 என்று எழுதும். முதலில் உள்ள நீளமான எண்தான் ஐ.பி. எண். பக்கத்தைக் கேட்ட கம்ப்யூட்டர் அல்லது போன் எந்த இணைப்பின் வழியே வந்தது என்று காட்டும் எண். (மேலே கொடுத்திருக்கும் எண் யாருடைய எண்ணும் அல்ல. உதாரணம் காட்டுவதற்கு என்றே ஒதுக்கி வைத்த எண். இந்தக் கட்டுரையில் வேறு எண்ணைப் போடுவது சரியாக இராது!)

பிரையர் வழக்கில், ஜெர்மன் சர்க்கார் தளங்கள் என்னென்ன எழுதின என்று கோர்ட்டு பட்டியல் போட்டது. எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, தேடும் கட்டத்தில் என்ன சொல் எழுதப்பட்டது, எந்த நேரம், எவ்வளவு தகவல் போயிற்று, கேட்டது கிடைத்ததா, எந்த ஐ.பி. எண். இவ்வளவும் நோட்டில் ஏறின.

இரண்டாவதைப் பாருங்கள். தேடும் கட்டத்தில் எழுதிய சொல்!

வேலை போனவர் உதவித் தொகை பற்றித் தேடுவார். கடனில் மூழ்கியவர் திவால் சட்டம் பற்றித் தேடுவார். புருஷனிடம் அடி வாங்கும் பெண் எங்கே புகார் கொடுப்பது என்று தேடுவாள். பக்கத்து வீட்டாரிடம் சொல்ல முடியாததை, பெற்ற தாயிடம் சொல்லக் கூசுவதை அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம்.

எண்ணைப் போட்டால் ஆள் மறைந்து விடுவாரா? அமெரிக்காவில் 2006-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இது சோதித்துப் பார்த்தது போல் ஆகி விட்டது. ஏ.ஓ.எல். என்ற கம்பெனி, சுமார் ஆறரை லட்சம் பேர் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. பெயர்களை எடுத்து விட்டு எண்களைப் போட்டிருந்தது. சில நாட்களுக்குள் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை நிருபர்கள் ஒரு எண்ணுக்கு உரிய பெண்ணின் வீட்டுக்கே போய் விட்டார்கள்! அவர் தேடிய சொற்களே வழி காட்டி விட்டன. கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

12-ம் நம்பர் அறைக்கு இரண்டு காபி

பிரையர் வழக்கில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு லாட்ஜுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. லாட்ஜிலிருந்து பையன் வந்து காபி வாங்கிப் போகிறான். டீக்கடைக்காரர் நோட்டில் எழுதுகிறார்: "12-ம் நம்பர் அறை. இரவு 11 மணி. இரண்டு காபி." அறையில் இருப்பவர் யார் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியாது. நாளைக்கு அதே 12-ம் நம்பர் அறையில் வேறொருவர் இருப்பார்.

ஆனால் லாட்ஜ் மேனேஜரிடம் ஒரு ரிஜிஸ்தர் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த அறையில் யார் தங்கினார், ஊர் என்ன, எல்லாம் அதில் உண்டு.

டீக்கடை நோட்டை மட்டும் பார்த்தால் ஆள் தெரியாது. லாட்ஜ் ரிஜிஸ்தரை மட்டும் பார்த்தால் காபி குடித்தது தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்? தெரிந்து விடும். "இன்னார், இரவு 11 மணிக்கு இரண்டு காபி வாங்கினார். அறையில் இன்னொருவர் இருந்தாரோ?" என்று வரை பேச்சுப் போகும்.

சர்வரின் நோட்டு, டீக்கடை நோட்டு. இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் கம்பெனி வைத்திருப்பது லாட்ஜ் ரிஜிஸ்தர்.

அறை எண் மாறுவது போல ஐ.பி. எண்ணும் மாறும். பழைய முறை ஐ.பி. எண்கள் உலகம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 429 கோடிதான். அவை போதவில்லை. அதனால் கம்பெனிகள் ஒருவர் வெளியேறியதும் அந்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கின்றன. இதை மாறும் எண் என்பார்கள். இன்டர்நெட் கம்பெனியின் கையில் இருக்கும்போது ஐ.பி. எண் தனி மனிதரைப் பற்றிய தகவல்தான் என்று ஐரோப்பிய கோர்ட்டு 2011-ம் வருஷமே சொல்லி விட்டது. ரிஜிஸ்தர் வைத்திருப்பவரைப் பற்றிய கேள்வி அதோடு தீர்ந்தது. டீக்கடைக்காரரைப் பற்றிய கேள்வி பாக்கி இருந்தது.

படித்தவர் மீது சந்தேகம்!

இரண்டு நோட்டையும் யார் பக்கத்தில் வைக்கப் போகிறார்கள்? வீண் பயம் அல்லவா?

வீண் பயம் இல்லை. ஜெர்மனியின் மத்தியக் குற்றப் போலீசுக்கு ஒரு இணையதளம் உண்டு. ஒரு தீவிரவாதக் குழுவைப் பற்றி அதில் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தவர்களின் ஐ.பி. எண்களைப் போலீசார் சேர்த்தார்கள். பிறகு இன்டர்நெட் கம்பெனிகளிடம் போய், அந்த எண்கள் யாருடையவை என்று கேட்டார்கள். இது 2007-ம் வருஷம் வெளியே தெரிந்தது.

குற்றவாளிகள் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வருவார்கள் என்பது போலீசாரின் கணக்கு. ஆனால் பத்திரிகைக்காரர் வருவார். கல்லூரி மாணவர் வருவார். சும்மா தெரிந்து கொள்ள வருபவரும் வருவார். போலீசாரே போட்ட பக்கத்தைப் படித்ததற்காக எல்லோரும் பட்டியலில் ஏறினார்கள்!

ஜெர்மன் மக்களுக்கு இந்த விஷயத்தில் பழைய வடுக்கள் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசி, மக்களைப் பற்றி எழுதி வைத்த பைல்களை வரிசையாக அடுக்கினால் 111 கிலோ மீட்டர் நீளம் வரும். மேற்கு ஜெர்மனியிலும் சண்டை நடந்தது. 1983-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க சர்க்கார் கிளம்பியபோது மக்கள் எதிர்த்தார்கள். அரசியல் சட்டக் கோர்ட்டு அதை நிறுத்தியது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அற்பமான தகவல் என்று எதுவுமே இல்லை என்று அந்த வருஷம் டிசம்பர் 15-ந் தேதி அது தீர்ப்பில் சொன்னது. ஜனத்தொகைக் கணக்கு 1987-ல்தான் நடந்தது.

பிரையர் இந்தக் காற்றில் வளர்ந்தவர்.

கோர்ட்டுப் படிகள்

2008-ல் பெர்லினில் உள்ள டீர்கார்டன் கோர்ட்டு அவருடைய வழக்கைத் தள்ளி விட்டது. பிரையர் அப்பீல் செய்தார். 2013 ஜனவரி 31-ந் தேதி பெர்லின் ஜில்லா கோர்ட்டு பாதி அவர் பக்கம் பேசியது. தளத்தைப் பார்க்கும்போது ஒருவர் தம்முடைய பெயரையோ, பெயர் தெரியும் ஈமெயில் முகவரியையோ கொடுத்திருந்தால், அப்போது மட்டும் எண்ணை வைத்துக் கொள்ளக் கூடாது என்றது. பெயர் கொடுக்காதவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லை. இரண்டு பேருமே மேலே போனார்கள். கார்ல்ஸ்ரூஹே நகரில் உள்ள ஜெர்மனியின் மேல் கோர்ட்டு யோசித்தது. இது ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான சட்டம் பற்றிய கேள்வி. ஆகவே 2014 அக்டோபர் 28-ந் தேதி, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கேள்வியை அனுப்பியது.

2016 அக்டோபர் 19. லக்சம்பர்க்கில் தீர்ப்பு வந்தது.

ஆளைக் கண்டு பிடிப்பதற்கு வேண்டிய எல்லா விவரமும் ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒரு பாதி உன்னிடம், மறு பாதி அடுத்தவரிடம் இருந்தாலும் போதும். ஆனால் அந்த மறு பாதியை வாங்குவதற்கு நடைமுறையில் வழி இருக்க வேண்டும். சட்டம் தடுத்தால், அல்லது மிதமிஞ்சிய காலமும் பணமும் ஆள் பலமும் தேவைப்பட்டால், அது வழி ஆகாது.

ஜெர்மனியில் அந்த வழி உண்டா? உண்டு! சர்வரை யாராவது தாக்கினால், தளம் நடத்துபவர் அதற்கு உரிய அதிகாரிகளிடம் போகலாம். அதிகாரிகள் இன்டர்நெட் கம்பெனியிடம் பெயரைக் கேட்டு வாங்கலாம். அதாவது டீக்கடைக்காரர் தாமாகப் போய் லாட்ஜ் ரிஜிஸ்தரைப் புரட்ட முடியாது. ஆனால் போலீசைக் கூட்டிக் கொண்டு போகலாம். எனவே அவர் எழுதிய "12-ம் நம்பர் அறை" என்ற சொல்லே ஒரு மனிதரைப் பற்றிய தகவல்தான். பெயர் கொடுக்காவிட்டாலும் சரி!

என் புத்திக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. நோட்டில் பெயர் எழுதியிருக்கிறதா என்பது சாமர்த்தியமான கேள்வி. நோட்டை வைத்துக் கொண்டு ஆளைப் பிடிக்க முடியுமா என்பது நேர்மையான கேள்வி. ஆளைப் பிடிக்கத்தானே எண்ணை எழுதி வைக்கிறார்கள்? பிடிக்க வேண்டிய நாளில் "இது அவருடைய எண்" என்று சொல்லி விட்டு, மற்ற நாளில் "இது வெறும் எண்" என்று சொன்னால் எப்படி?

சர்க்காருக்கும் பாதி வெற்றி

அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் உண்டு. அது பிரையருக்குக் கசப்பாக இருந்திருக்கும்.

அப்போது இருந்த ஜெர்மன் சட்டம் மிகவும் இறுக்கமானது. தளத்தை நடத்தவும் கட்டணம் வசூலிக்கவும் தேவையான அளவுக்குத்தான் இந்தத் தகவலைத் தொடலாம் என்றது. தாக்குதலைத் தடுப்பதற்கு என்று வைத்துக் கொள்ள இடம் தரவில்லை. இது சரியல்ல என்றது ஐரோப்பிய நீதிமன்றம். தளத்தைக் காப்பாற்றுவதும் நியாயமான காரியம்தான். வாசகரின் உரிமையையும் தளத்தின் பாதுகாப்பையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றது.

தாக்குதல் என்பதும் கட்டுக்கதை அல்ல. 2007-ம் வருஷம் எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில் சர்க்கார் தளங்கள், பாங்குகள், பத்திரிகைகள் எல்லாவற்றின் மீதும் ஒரே சமயத்தில் வெள்ளம் போல் கோரிக்கைகள் பாய்ந்தன. தளங்கள் முடங்கி விட்டன. அந்த மாதிரி நேரத்தில் எந்த எண்ணிலிருந்து வெள்ளம் வருகிறது என்று பார்த்து அடைக்காமல் முடியாது. இரவுக் காவல்காரரிடம் "யார் வந்தார்கள் என்று பார்க்காதே" என்று சொல்ல முடியுமா?

வழக்கு கார்ல்ஸ்ரூஹேக்குத் திரும்பியது. 2017 மே 16-ந் தேதி அந்தக் கோர்ட்டு சொன்னது: ஐ.பி. எண் தனி மனிதர் தகவல்தான். தளத்தைக் காப்பாற்றத் தேவை என்றால் அதை வைத்துக் கொள்ளலாம். தேவையா இல்லையா என்பதை பெர்லின் கோர்ட்டு மறுபடி விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணையில் ருசிகரமான ஒரு விஷயம் வெளியே வந்தது. சர்க்கார் தான் நடத்தும் தளங்களில் பலவற்றில் ஐ.பி. எண்ணை வைத்துக் கொள்வதே இல்லையாம்! அங்கே தாக்குதல் பயம் இல்லை என்று சர்க்கார் தரப்பே சொல்லியிருந்தது. அப்படியானால் மற்ற தளங்களில் ஆபத்து எவ்வளவு பெரிது என்று காட்டுங்கள் என்று கோர்ட்டு கேட்டது நியாயம்தானே?

ஒரு வீடு, ஒரு எண்

ஒரு சந்தேகம் வரலாம். வீட்டில் ஒரே இணைப்புத்தான். அப்பா படிக்கிறார். அம்மா சமையல் குறிப்புப் பார்க்கிறார். பையன் விளையாடுகிறான். எல்லோருக்கும் வெளியே தெரிவது ஒரே ஐ.பி. எண்! பையன் செய்த குறும்பு அப்பா பெயரில் ஏறும். கைபேசிக் கம்பெனிகளில் இன்னும் மோசம். முன்பின் தெரியாத பலர் ஒரே நேரத்தில் ஒரே எண்ணில் போய்க் கொண்டிருப்பார்கள்.

ஆகவே அந்த எண் தவறான ஆளையும் காட்டலாம். இது அலட்சியமாக இருக்கக் காரணம் ஆகாது. அதிக ஜாக்கிரதையாக இருக்கத்தான் காரணம்.

எழுத்து வடிவத்துக்கு 100 யூரோ

2018 மே 25 முதல் ஐரோப்பாவில் ஜி.டி.பி.ஆர். என்ற புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்டர்நெட்டில் ஒருவரைக் காட்டும் அடையாளங்களும் தனி மனிதர் தகவல்தான் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி விட்டார்கள்.

அதன் பிறகு வேடிக்கைகளும் நடந்தன. ஒரு தளத்தில் அழகான எழுத்து வடிவம் தெரிவதற்காக, அந்த எழுத்தை கூகுள் கம்பெனியின் சர்வரிலிருந்து நேராக வரவழைத்திருந்தார்கள். எழுத்து அங்கிருந்து வர வேண்டும் என்றால் வாசகரின் ஐ.பி. எண் அங்கே போக வேண்டும் அல்லவா? என்னைக் கேட்காமல் என் எண்ணைக் கொடுத்தது எப்படி என்று ஒரு வாசகர் வழக்குப் போட்டார். 2022 ஜனவரி 20-ந் தேதி மியூனிக் கோர்ட்டு அவருக்கு 100 யூரோ கொடுக்கச் சொன்னது.

உடனே சிலர் இதையே தொழிலாக்கி விட்டார்கள்! எழுத்து வடிவம் வரவழைக்கும் தளங்களைத் தேடிப் பிடித்து, சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு எல்லாம் வக்கீல் நோட்டீசு பறந்தது. 170 யூரோ கொடுத்தால் விட்டு விடுவார்களாம். அந்த வருஷம் டிசம்பரில் பெர்லினில் ஒரு வக்கீல் மீதே, மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாகச் சந்தேகித்து, அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். நல்ல சட்டம் வந்தால் கூடவே இப்படியும் சிலர் வருவார்கள் போலிருக்கிறது.

2025 செப்டம்பர் 4-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் வேறொரு வழக்கில் மறுபடி இதே இடத்துக்கு வந்தது. பெயரை எடுத்து விட்டு அடையாள எண் போட்ட தகவல், எண்ணுக்கு உரிய பெயரைத் தெரிந்தவர் கையில் தனி மனிதர் தகவல். ஆளைக் கண்டு பிடிக்க நியாயமான வழி எதுவும் இல்லாதவர் கையில் அது அப்படி ஆகாமலும் போகலாம். யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இதன் பொருள்.

எத்தனை நாள்?

நோட்டை வைத்துக் கொள்ளலாம் என்றால், எத்தனை நாள் வைத்துக் கொள்ளலாம்? ஜி.டி.பி.ஆர். சட்டம் நாள் கணக்குச் சொல்லவில்லை. தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்று மட்டும் சொல்கிறது. இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் கம்பெனி, கோளாறுகளைச் சமாளிக்க ஏழு நாள் எண்ணை வைத்திருந்ததை 2014-ல் கார்ல்ஸ்ரூஹே கோர்ட்டு ஒப்புக் கொண்டது. என்னைக் கேட்டால் சண்டை போட வேண்டிய இடம் இதுதான். ஒரு வாரத்தில் கிழித்துப் போடும் நோட்டுக்கும், பத்து வருஷம் பீரோவில் பூட்டி வைக்கும் நோட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

சில தளக்காரர்கள் வேறொரு வழி செய்கிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்ற கணக்குத்தான் வேண்டும், ஆள் வேண்டாம் என்றால், எண்ணின் கடைசித் துண்டை அழித்து விடுகிறார்கள். 203.0.113.45 என்பது 203.0.113.0 ஆகி விடும். தேதி அப்படியே இருக்கும். பக்கம் அப்படியே இருக்கும். வந்தது 256 எண்களில் ஏதோ ஒன்று என்று மட்டும்தான் அந்த எண்ணிலிருந்து தெரியும். டீக்கடை நோட்டில் இப்படி எழுதியது போல: "லாட்ஜில் ஏதோ ஒரு அறை. இரண்டு காபி."